பூண்டுச் சருகில் வைத்த ஆர்மோனியம்

ஏலம் முடிகிற நேரம் நெருங்கினால் ராஜகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கேரட் வயல்களின் வரப்பு வழியே மேட்டுக்கு ஏறிவிடுவாள். கொடைக்கானல் மலையில் இருக்கும் கவுஞ்சியில் அவள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். விலை ஏறிக்கொண்டே போகும். அவள் முகம் மலராது. ஏறுகிற ஒவ்வொரு விலைக்குப் பின்னாலும் ஓர் ஆள் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்பது அவள் எண்ணம். "மூஞ்சியக் காட்டாம ஏலம் கேக்குறவன் எதையோ மறைக்கிறான்னுதான அர்த்தம்" என்பாள். அவளும் முகத்தைக் காட்டாமல்தான் விற்கிறாள். அவள் கணக்கின் முகப்பில் இருப்பது ஒரு பித்தளைக் கூஜாவின் படம்.

ஒரு காலத்தில் கொடைக்கானல் பங்களாக்களின் சமையலறைகளுக்குக் காய்கறியும் மலைப்பூண்டும் கொண்டுபோய்க் கொடுத்தவள். பங்களாக்கள் கைமாறி ரிசார்ட்டுகள் ஆகத் தொடங்கியபோது, அங்கிருந்த சமையல்காரர்களும் வாட்ச்மேன்களும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பீங்கான் தட்டு, ரயில்வே விளக்கு, எனாமல் ஜக்கு, நரம்பு அறுந்த டென்னிஸ் மட்டை என்று கிடப்பதை எல்லாம் மொத்தமாகப் பேசி ஏற்றி வருவாள். பிறகு ஒவ்வொன்றாக ஆன்லைன் ஏலத்தில் விடுவாள். கேட்பாரற்றுக் கிடந்த பொருள் என்று அவள் வீட்டில் இன்றுவரை எதுவும் தங்கியதில்லை.

மற்றவர்கள் பொருளைத் துடைத்து, பூங்கொத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அவளுடைய முதல் படம் குறையின் படம். விரிசல், துரு, கறை, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் வந்த பிறகுதான் முழுப் பொருள் வரும். தொடக்க விலையை அடிமட்டத்தில் வைப்பாள். "மொத வெலயக் கொறச்சு வச்சாத்தான் ரெண்டு பேராச்சும் மொறச்சுக்குவாய்ங்க. மொறைக்க ஆரம்பிச்சிட்டா பொருளப் பாக்க மாட்டாய்ங்க. ஒருத்தன ஒருத்தன்தான் பாப்பாய்ங்க." எந்த ஏலமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடியும்படி பார்த்துக்கொள்வாள். கறிச்சோறு தின்றுவிட்டுச் சாய்ந்து கிடக்கிற ஆண்களுக்கு அந்த வேளையில் போனைத் தவிர வேறு சோலி இல்லை என்பதைக் கண்டுவைத்திருக்கிறாள்.

வாங்க வருகிறவர்களை அவள் சலிக்கிற முறை பூண்டு வியாபாரத்திலிருந்து வந்தது. களத்துக்கு வருகிற வியாபாரி பல்லைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஈரம் என்பான், சொத்தை என்பான், போன வருசத்துச் சரக்கு என்பான். அவன் வாங்குவான். அருமையான பூண்டு என்று சொன்ன எவனும் மூட்டையைத் தூக்கியதாக அவளுக்கு நினைவில்லை. ஆகவே ஏலத்தில் எவனாவது 'அருமை' என்று எழுதினால் அவன் முன்பு என்னென்ன வாங்கினான், யாரிடம் சண்டை போட்டான் என்று தோண்ட ஆரம்பித்துவிடுவாள். கைகூப்புகிற எமோஜிப் பொம்மை இரண்டுக்கு மேல் வந்தால் ஆளைத் தடுத்துவிடுவாள்.

அனுப்புகிற பொருளைக் கட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. பூண்டை ஆய்ந்து தாளைக் கிள்ளும்போது விழுகிற காய்ந்த தாளும் தோலும் அவள் அண்ணன் திருமலைச்சாமியின் களத்தில் குவிந்து கிடக்கும். அந்தச் சருகை அட்டைப்பெட்டியில் இறுக்கி, நடுவே பொருளைப் புதைத்து அனுப்புவாள். அவள் அனுப்பிய பீங்கான் ஒன்றுகூட உடைந்ததில்லை. ஒருமுறை தட்டு வாங்கிய ஒருவர், பெட்டியைத் திறந்ததும் உங்கள் ஊர்ப் பூண்டு நினைவுக்கு வந்துவிட்டது என்று எழுதினார். ஓசியில் பூண்டு கேட்கிறான் என்று முடிவுகட்டி, பதில் போடாமல் விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் பேத்துப்பாறைப் பக்கம் ஒரு பங்களாவிலிருந்து மடக்கு ஆர்மோனியம் ஒன்று வந்தது. உள்ளே சுரம் எழுப்புகிற தகடுகள், இப்போது கிடைக்காத பழைய ஜெர்மன் ரீடுகள். சென்னையில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற மனோஜ்குமார் என்பவர் அதை ஏலத்தில் எடுத்தார். 'அருமை அருமை' என்று எழுதி மூன்று கைகளைக் கூப்பியிருந்தார். அதை ராஜகுமாரி கவனித்தபோது ஏலம் முடிந்திருந்தது. தடுக்க வழியில்லை. பெட்டியைக் கட்டுவதற்கு முன் திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொரு ரீடின் ஓரத்திலும் ஊசியால் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு கீறல் போட்டுவைத்தாள். துருத்தி கிழியாமல் இருக்க அதன் மடிப்புகளுக்குள்ளும் சருகைத் திணித்தாள். மலைச் சாலையில் மண் சரிந்து, பெட்டி கூரியர் அலுவலகத்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் ஈரத்தில் கிடந்தது.

அது போய்ச் சேர்ந்த பிறகு சென்னையிலிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மா, பொட்டி அருமை, சுருதி அருமை. சருகெல்லாம் எடுத்துட்டேன். ஆனா துருத்திய அமுக்கும்போதெல்லாம் பூண்டு வாசம் வருது. பசங்க பாட மாட்டேங்குதுங்க, சிரிக்குதுங்க. திருப்பி எடுத்துக்கோங்க."

தொட்டி ஓரத்தில் நின்று அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சூழ்ச்சி விளங்கிவிட்டது. ஜெர்மன் ரீடுகளைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்து அனுப்பப்போகிறான். அதற்குத்தான் படம் பிடிக்க முடியாத குறையாகப் பார்த்துச் சொல்கிறான். திருமலைச்சாமியிடம் சொன்னபோது அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "பாட்டோட பூண்டும் வருதாமா? அதுக்குத் தனியாக் காசு கேளு தாயி."

அனுப்பட்டும் என்று பதில் போட்டாள். பெட்டி வந்து சேர்ந்ததும் அண்ணனைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினாள். ரீடுகளை ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் கீறல் இருந்தது.

"அப்ப அவன் களவாணி இல்ல" என்றார் திருமலைச்சாமி.

"வீடியோவ நிப்பாட்டாதீக" என்றாள்.

அவள் மேட்டுக்கு ஏறியபோது ஏலத் தளத்திலிருந்து ஒரு கேள்வி வந்து நின்றது. வாங்கியவர் சொல்லும் குறை உண்மையா? ஆம், இல்லை. இல்லை என்று அழுத்தினால் மனோஜ்குமார் பொய்ப்புகார் கொடுத்தவர் ஆவார். அவர் கணக்கை மூடிவிடுவார்கள். ஆம் என்றால் அவள் பெயருக்குக் கீழே 'குறையை மறைத்து விற்றவர்' என்று விழும். குறையைக் காட்டியே பெயர் வாங்கியவளுக்கு அதற்கு மேல் ஒரு கேடு வேண்டியதில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

'இல்லை' வரைக்கும் விரல் போனது, அழுத்தவில்லை. ரீடைத் திருடாதவன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? ஆதாயம் இல்லாத பொய்யை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு இறங்கி வந்து துருத்தியை அமுக்கி முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. அண்ணன் முகர்ந்துவிட்டுக் காற்றுத்தான் வருகிறது என்றார். பக்கத்து வீட்டுக் காளியாயியைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் கண்ணை மூடி நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய மரத்தின் வாசம் வருகிறது என்றாள். மூவரும் நின்றிருந்தது ராஜகுமாரியின் வீட்டு நடுக்கூடத்தில். தலைக்கு மேலே விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் அதை உலர்த்தப் போட்ட மூட்டம் கனன்றுகொண்டிருந்தது. ராஜகுமாரி அண்ணாந்து பார்த்தாள். பிறகு அண்ணனின் மூக்கையும் காளியாயியின் மூக்கையும் ஏலத்தில் ஆளைப் பார்க்கிற அதே பார்வையால் பார்த்தாள்.

"நம்ம மூக்க நம்பக் கூடாதுண்ணே" என்றாள்.

மறுநாள் வெள்ளனே ஆர்மோனியத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு மன்னவனூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஏரியைப் பார்க்க வருகிற வெளியூர் வண்டிகளின் நம்பரைப் பார்த்தாள். சென்னை நம்பர் எதையும் அண்டவில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் டீ குடித்துக்கொண்டிருந்தது. எதுவும் சொல்லாமல் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து துருத்தியை அமுக்கினாள். குடும்பத் தலைவர் டம்ளரோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்னங்க அக்கா, ஊறுகா யாவாரமுங்களா?"

"ஒங்களுக்கு மனோஜ்குமார்னு சொந்தக்காரவுக யாரும் இருக்காகளா?"

"இல்லீங்களே."

"பாட்டு வாத்தியாரு. மெட்ராஸ்ல."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டாள். ராஜகுமாரிக்கு அது போதவில்லை. ஊறுகாய் என்று சொல்லச் சொல்லி எவனாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

வெயில் ஏறிய பிறகு கேரளா வண்டி ஒன்று வந்தது. இறங்கிய பெண்ணுக்குப் பெட்டி புதுமையாக இருந்திருக்க வேண்டும். தானாகவே வந்து குனிந்தாள். ராஜகுமாரி அமுக்கினாள். கட்டையிலிருந்து ஒரு நீண்ட சுரம் எழுந்தது. அந்தப் பெண் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளுத்துள்ளி" என்று சிரித்தாள்.

ராஜகுமாரி அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய், என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

"பூண்டும்மா. மலையாளத்துல பூண்டுக்கு அதான் பேரு."

ராஜகுமாரிக்கே புரியாத பாஷையில், அவளை ஏமாற்ற ஒருத்திக்கு யாரும் பொய் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அதில் ஓட்டை கிடைக்கவில்லை. போனை எடுத்து, ஏரிக்கரையில் சிக்னல் வருகிற இடம் தேடி நடந்து, 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் இன்னும் ஆர்மோனியத்தின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ராஜகுமாரி கம்பளியில் வலது கையை அழுத்தித் துடைத்தாள். ஒரு முறை தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.