பனியில் நிற்காதே

துபாயில் வீரபாண்டிக்குப் பனி வாருகிற வேலை. ஒரு வணிக வளாகத்துக்குள் செயற்கைப் பனி கொட்டி வைத்திருக்கும் கூடம் அது. வெளியே நாற்பத்தேழு டிகிரி அடிக்கும்போதும் உள்ளே மைனஸ் இரண்டு. சறுக்கி விளையாடுகிறவர்கள் கலைத்த பனியை வாரிச் சமன்செய்ய வேண்டும்.

முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கும் அம்மா ராக்கம்மாவுக்குப் பனி என்றால் மார்கழியில் இறங்குவதுதான். "தலையில எறங்குனா சளி புடிச்சுக்கும்யா, துண்டு கட்டாம நிக்காத" என்று போனில் ஓயாமல் சொல்வாள். அவள் கொடுத்தனுப்பிய ஈரிழைத் துண்டைத் தொப்பிக்கு அடியில் கட்டிக்கொண்டுதான் அவன் உள்ளே போவான்.

அல் குசைஸ் பகுதியில் அவன் தங்கியிருக்கும் அறையில் அவனுக்கு மேல்கட்டில் கார்மேகம். கூடத்தைக் குளிரவைக்கும் இயந்திரங்கள் பின்முற்றத்தில் நிற்கின்றன. உள்ளே உறிஞ்சிய சூட்டையெல்லாம் அங்கேதான் கக்கும். அவற்றில் படியும் மணலைக் கழுவுவது கார்மேகத்தின் டூட்டி. "நீ குளுகுளுன்னு இருக்க, நான் வேகுறேன் மாப்ள" என்பான்.

அந்த வாரம் நகரில் உலக வெப்பம் பற்றி ஒரு கூட்டம். எண்ணெய் எரிப்பதைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு பணக்கார நாடு மறுத்துவிட்டது, பேச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது என்று காலையில் பஸ் ரேடியோ சொன்னது.

"ஒண்ணு ரெண்டு டிகிரிக்கா இம்புட்டுச் சண்டை?" என்று கார்மேகம் சிரித்தான்.

அந்த நாட்டுக் குழுதான் மாலையில் பனி பார்க்க வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் சீதாராமன் பரபரத்தார். "பனி மாவு மாதிரி இருக்கணும். ஒரு டிகிரி ஏறினாலும் மணி அடிக்கும். என் வேலை போயிடும்."

விருந்தினர் வருவதற்குச் சற்று முன், பின்கதவுக் கண்ணாடி வழியே வீரபாண்டி பார்த்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கார்மேகம் குப்புறக் கிடந்தான்.

"சார், கார்மேகம் விழுந்துட்டான். உள்ள தூக்கிட்டு வந்துரலாம்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். கதவைத் தொறக்காதே."

"அங்க கெடந்தா செத்துருவான் சார்!"

"பத்து நிமிஷம்பா. கெஸ்ட் லிஃப்ட்ல வந்துட்டாங்க."

வீரபாண்டி துண்டை அவிழ்த்தான். இரு கைகளாலும் பனியை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினான். வெள்ளைப் புகையாய்க் குளிர் வெளியே பாய்ந்தது. மணி அலறியது. அவன் வெளியே கால் வைத்ததும் கதவு பின்னால் மூடிக்கொண்டது. உள்ளிருந்துதான் அதைத் திறக்க முடியும்.

கார்மேகத்தின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வியர்வையே இல்லை. வாய் ஏதோ குழறியது. குழாய்த் தண்ணீரும் சுட்டது. பனியைக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்து அழுத்தினான். விரலிடுக்கில் அது நீராய் ஓடியது.

"சார், இன்னும் கொஞ்சம் பனி குடுங்க!" கதவைத் தட்டினான். சீதாராமன் அவனைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வாடகைக் கோட்டு போட்டவர்கள் பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து சிரித்தார்கள்.

இயந்திரங்கள் திடீரென்று உறுமின. ஏறிவிட்ட அந்த ஒரு டிகிரியை இறக்குவதற்காக முன்னைவிட வேகமாய்ச் சூட்டைக் கக்கின. வீரபாண்டி தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி விரித்துப் பிடித்து, அனலுக்கும் கார்மேகத்துக்கும் நடுவில் முட்டிபோட்டான். முதுகு எரிந்தது. துண்டில் மிஞ்சிய ஈரம் கார்மேகத்தின் நெற்றியில் சொட்டியது.

"மழையா மாப்ள?" கார்மேகத்தின் உதடு அசைந்தது.

"ஆமாடா. கண்ண மூடாத."

தூரத்தில் சைரன் கேட்டது.

பிழைத்துக்கொள்வான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. வீரபாண்டி வாசலுக்கு வந்து போனைப் பார்த்தான். சீதாராமன் எழுதியிருந்தார்: "நாளைக்கு டூட்டிக்கு வராதே. மேலே கேக்கறாங்க. அவன் எப்படி இருக்கான்?"

பதில் எழுதுவதற்குள் அம்மா அழைத்தாள்.

"துண்டு கட்டிக்கிட்டியாய்யா?"

"கட்டுனேன் ஆத்தா. நனைஞ்சு போச்சு."

"பாத்தியா, பனி எறங்கிருச்சு! நாளைக்கு அங்கிட்டுப் போகாத, சொல்லிட்டேன்."

வீரபாண்டி துண்டைப் பிழிந்து உதறினான்.

"போகல ஆத்தா" என்றான்.