பத்து அம்பியர்

இடி முழங்கினால் நான் முதலில் செய்வது வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றுவதுதான். டிவி, பிரிஜ், ரைஸ் குக்கர், ஒன்றையும் விடமாட்டேன். மேல்வீட்டு டீச்சர் சிரிப்பா. "அன்டி, நீங்க ஈக்கிற வரைக்கும் இந்த வீட்டுல இடிக்கு வேலையில்ல."

டீச்சர் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற முஸ்லிம் பிள்ளை. கணக்குப் படிப்பிக்கிறா. ஜப்பானில் ஓடிப் பழசான சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்று வைத்திருக்கிறா. மேலேயிருந்து வயர் எட்டாது. அதனால் என் முன்சுவரில், நான் உடுப்பு அயன் பண்ணுகிற பிளக்கில்தான் காரைக் குத்துவா.

எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் கதவு நிலை, யன்னல் கம்பி எல்லாம் வளைந்து தெரியத் தொடங்கின. மாதம் ஒருதரம் பொரளைக் கிளினிக்கில் கண்ணுக்குள் ஊசி. தவறினால் இருக்கிற பார்வையும் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். த்ரீவீல்காரனோடு கதைக்கவே வாய் வராத ஆள் நான். கேட்காமலே என்னைக் கூட்டிப்போனது டீச்சர்தான்.

போன மழைக்காலம், ஊசிக்கு முதல் நாள் பின்னேரம், கார் குத்தியிருந்த நேரம் இடி முழங்கியது. வழக்கம்போல எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து கார்ப் பிளக்கில் கை வைத்தேன். அயன் பெட்டியைத் தொட்டமாதிரிச் சுட்டது. இழுத்தெடுத்துப் பார்த்தால், சுவர்ப் பிளக்கின் ஒரு ஓட்டை மண்ணிறமாகி ஊதியிருந்தது. ரப்பர் கருகின மணம்.

அங்கேயே நின்றேன். சொன்னால் கார் சார்ஜ் ஆகாது, நாளைக்குக் கிளினிக் இல்லை. என் சுவரில் குத்துவது பிடிக்காமல் சாட்டுச் சொல்லுகிறேன் என்று அவ நினைத்தால்? திரும்பக் குத்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பொய் சொல்லக்கூடாது, குத்தக் கையையும் கொண்டுபோனேன். அந்த மணம்தான் விடவில்லை.

படியேறிப்போய்க் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு நின்றேன். கொடியில் உடுப்பு எடுக்க அவவே கதவைத் திறந்தா.

"என்ன அன்டி, மழையில நிக்கிறீங்க?"

யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோனது. "பிளக் சுடுது மகள்" என்றேன்.

ஓடி வந்தா. பிளக்கைப் பார்க்க முதல் என் விரலைப் பிடித்துப் பார்த்தா. "சுட்டுட்டுதா?" அந்த ஒரு கேள்வியை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

"நாளைக்குக் கிளினிக்... காரில கரண்ட் இல்லையே" என்றேன்.

காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "பாதி ஈக்கு அன்டி. பொரளைக்குப் போய், கொட்டாஞ்சேனையில வயர் வேலை செய்யிற பாஸையும் ஏத்திட்டு வரவே காணும்."

அப்படியே நடந்தது. ஊசி போட்டு, கண்ணை மூடிக் கட்டிவிட்டார்கள். வீட்டில் கதிரையில் இருந்தபடி பாஸ் சொன்னதைக் காதால் கேட்டதுதான்.

"கார் வயரில இருக்கிற இந்தப் பெட்டியில பதினாறு அம்பியர் வச்சிருக்கீங்க. இந்தப் பிளக் பதிமூணு. அதுவும் பழசு. கணக்கு டீச்சருக்கு எது பெரிசெண்டு தெரியாதா?"

"கெதியா ஏறட்டும்னுதான். கடையில இந்தச் சுவருக்குப் பொருந்த மாத்துப் பிளக் தந்தாங்க, போட்டேன். சுவத்துல பூட்டுற பெரிய சார்ஜர் ஒண்ணும் காட்டினாங்க, ரெண்டு மடங்கு வேகமாம். அத வாங்கவா?"

"வாணாம் டீச்சர். உண்மையான சார்ஜர் காருக்குள்ளதான் இருக்கு. சுவத்தில பூட்டுறது கரண்ட் போற வாசல். உங்கட கார் பதினாறுக்கு மேல வாங்காது, வாசலைப் பெரிசாக்கி என்ன செய்யிறது?"

எனக்கும் ஒன்று கேட்கவேண்டும்போல இருந்தது. கண் கட்டியிருந்ததோ என்னவோ, கூச்சம் குறைந்திருந்தது. "தம்பி, கார் குத்தினா என்ர லைட் மங்கும். இதாலயோ?"

பாஸ் மீட்டர் வைத்துப் பார்த்தார். "அம்மா கேட்டது சரி. இருநூற்று முப்பது வோல்ட் வரவேணும். கார் இழுக்கேக்க இருநூற்றுப் பத்துக்கு இறங்குது. வயர் மெல்லிசு, மிச்சம் வழியிலயே சூடாப் போகுது. நீங்க கழட்டாட்டி இந்தச் சுவர் பத்தியிருக்கும்."

டீச்சர் கிட்ட வந்தா. என் தோளில் கை வைத்தா.

பாஸ் மெயின் போர்ட்டிலிருந்து தடித்த வயர் இழுத்து, தனி ட்ரிப் சுவிட்ச் போட்டு, புதுப் பிளக் பூட்டினார். "இருந்தாலும் பத்தில வைங்க. ஆறுதலா ஏறட்டும், விடியக்குள்ள நிறைஞ்சிடும்" என்றுவிட்டு, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கட்டின கண்ணோடு தடவித்தடவிப் போட்ட தேத்தண்ணி. சீனி கூடிப்போச்சு என்று டீச்சர்தான் சொன்னா, அவர் சொல்லவில்லை.

இடி முழங்கினால் கார்ப் பிளக்கையும் இன்னும் கழற்றுகிறேன். டீச்சர் இப்போது சிரிப்பதில்லை, சில நாள் தானே மேலேயிருந்து ஞாபகப்படுத்துவா.

காரைக் குத்திவிட்டுப் படியேறும்போது அவ நின்று கேட்பா. "அன்டி, பெட்டியில எத்தன காட்டுது?"

அவவுக்குத் தெரியும், அவதானே வைத்தது. ஏன் கேட்கிறா என்று எனக்கும் தெரியும். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பேன். பச்சை நிறத்தில் சின்ன இலக்கம். போன வருசம் பார்த்திருந்தால் அதிலுள்ள ‘1’ வில்லுமாதிரித் தெரிந்திருக்கும். இப்போது நேராக நிற்கிறது.

"பத்து மகள்" என்பேன்.