ஆடிக் காற்றில் கழன்ற கிளிப்

போன ஆடி மாதம் ஒரு சனி, ஞாயிறு. கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் சிதம்பரத்துக்கு வெளியிலும் உட்கார்ந்து வாட்டர் கலரில் படம் வரைந்துவிட்டு வந்தோம். நானும் அருளும். அருள் என் மனைவி நிர்மலாவின் தம்பி. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். எனக்கு மருந்துக் கடை.

அம்மியே பறக்கும் மாதத்தில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு எதற்குப் போனீர்கள் என்று கேட்பீர்கள். மழை வராது, வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. நான் பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறேன். அருள் வரைய ஆரம்பித்து இரண்டு வருடம்தான், அதுவும் நான் கொடுத்த பழைய கலர் பெட்டியில். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் இரண்டு பேர் படத்தையும் மாட்டினார்கள். அவன் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. என் படத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும், போனார்கள். காற்றில் வரைவது எனக்குப் பழக்கம், அவனுக்கு இல்லை. அவன் திணறுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை 5.40க்கு ஆட்டோ. கடற்கரைக்கு 120 ரூபாய். ஆறு மணிக்கே மேல்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. காற்றில் வாட்டர் கலர் அடித்ததும் காய்ந்துவிடும். வானத்துக்கு ஒரே ஓட்டமாகக் கலர் இழுப்பதற்குள் ஓரம் கோடு கட்டிக்கொள்ளும். மணல் வந்து ஈரத்தில் ஒட்டும். இதையெல்லாம் அருளிடம் சொல்லாமல், படம் மாட்டும் ஸ்டாண்ட் காற்றில் சாயாமல் இருக்க அதன் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நான் பாட்டுக்கு வரைந்தேன்.

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு ஸ்டாண்டை மடித்து வைத்துவிட்டு, ஒரு கட்டுமரத்தின் மறைவில் தரையில் உட்கார்ந்து, போர்டை மடியில் வைத்துக்கொண்டான். மணல் ஒட்டிய இடத்தைத் துடைக்கவில்லை. கரையை வரைகிற இடத்தில் மணல் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டான். அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது!

மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா என் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா சார், மேகமா?"

"படகும்மா."

"ஓ." அவ்வளவுதான். அருளிடம் போனவர் கூடையை இறக்கியே வைத்துவிட்டார். "அய்ய, இது எங்க வூட்டுக்காரு படகாச்சே! அந்த ஒட்டு கூட அப்பிடியே கீது."

நான் திரும்பி அதைப் பார்த்த நேரத்தில் என் பேப்பர் போய்விட்டது. இரண்டு கிளிப்தான் போட்டிருந்தேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடலில் போட்டது. அருள் முழங்கால் தண்ணீர் வரை ஓடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. "விடுங்க மாமா, வானம் சூப்பரா வந்திருந்துச்சு" என்றான். வானம் சூப்பராக வரவில்லை. எனக்குத் தெரியும்.

மதியம் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் பஸ். சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இரண்டு பேருக்கு 900 ரூபாயில் ரூம் கிடைத்தது. சாயங்காலம் கோயிலுக்குள் போனோம். நான் சுற்றிப் பார்த்தேன். அவன் மேற்குக் கோபுரத்தடியில் நின்று பென்சிலால் குறிப்பு எடுத்தான். அந்தக் குறிப்பே நன்றாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை 5.30க்கு, கிள்ளை போகும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடச் சொன்னோம். ஆட்டோக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கோயிலு அங்க கீது சார், இங்க ஒண்ணும் இல்லியே?" தூரத்திலிருந்து பார்க்கத்தான் வந்தோம் என்றதும் 80 ரூபாயை வாங்கிக்கொண்டு சந்தேகமாகத் திரும்பிப் போனார். அந்த இடத்தில் வயலுக்கு அப்பால் கோபுரங்கள் தெரியும். காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து அவற்றின் மேல் விழும். காற்று மட்டும் எதிரே, முகத்தில் அறையும். நான் ஓரமாக ஒதுங்கிவிட்டு வருவதற்குள் எனக்கும் சேர்த்து அருளே பேப்பர் மாட்டி வைத்திருந்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் அவன் வரைந்ததை எப்படிச் சொல்வது? கோபுரம் சின்னதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. மீதி முழுக்கக் காற்று. புல் சாய்ந்த விதத்திலேயே காற்று தெரிந்தது. பதினான்கு வருடமாக நான் வரைய நினைத்த படம் அது.

"மாமா, டீ வாங்கியாறேன். பாத்துக்குங்க" என்று ஃபிளாஸ்க்கோடு ரோட்டுக்கு நடந்தான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அவன் போர்டின் மேல் கிளிப் ஒன்று நகர்ந்தது. பேப்பரின் மூலை படபடத்தது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. கிளிப் கழன்று விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேப்பர் என் தலைக்கு மேல் பறந்து பின்னால் இருந்த வாய்க்காலில் விழுந்தது.

அருள் டீ ஃபிளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தண்ணீரில் இறங்கி எடுத்தான். கோபுரம் கரைந்து புல்லோடு கலந்துவிட்டிருந்தது.

"காத்து, மச்சான்" என்றேன்.

"இன்னா பண்றது மாமா, உடுங்க." பேப்பரிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னான்.

பொருட்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன். என் போர்டில் நான்கு கிளிப். என்னிடம் இருந்ததே இரண்டு. முந்தின நாள் என் படம் போய்விட்டதே என்று அவனுடையதில் இரண்டை எனக்குப் போட்டிருக்கிறான்.

அதற்கு மேல் முடியவில்லை. "அருளு, கிளிப்பு கழல்றத நான் பாத்தேன். பாத்துட்டுதான் சும்மா இருந்தேன்" என்றேன்.

"ஏன் மாமா?"

"உன் படம் நல்லாருந்துச்சு."

அவன் நனைந்த பேப்பரைச் சுருட்டிப் பையில் வைத்தான். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். மூன்று வாரம் வீட்டுக்கு வரவில்லை. நிர்மலா கேட்டாள். அவளிடமும் சொன்னேன். இரண்டு நாள் அவளும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு ஆறு கிளிப் எடுத்துப் போங்கள். பேப்பரின் நான்கு பக்கமும் டேப் ஒட்டுவது இன்னும் நல்லது. பெரிய பேப்பர் வேண்டாம், பாதி சைஸ் போதும். ஆடியில் ஒன்பது மணிக்கு மேல் காற்று ஜாஸ்தி, அதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரை அகல வாய் டப்பாவில் வைக்காதீர்கள், கவிழும். கூட வருபவர் உங்களைவிட நன்றாக வரைவார் என்றால் கிளம்புவதற்கு முன்னாலேயே அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் வயலில் வைத்துச் சொன்னேன், அது தாமதம்.

நான்காவது வாரம் அருள் நிர்மலாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். தனியாகப் போய், அதே வயலில் மறுபடி வரைந்திருக்கிறான். கரைந்துபோனதைவிட நன்றாக இருந்தது. செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குறை தேடினேன். கிடைக்கவில்லை. அவனுக்குப் போன் போட்டேன்.

"படம் பாத்தேன் மச்சான். என்னால இப்பிடி முடியாது."

"வர்ற ஞாயித்துக்கெழம பரங்கிப்பேட்டை போறேன் மாமா. வர்றீங்களா?" என்றான். "ஆனா டீ வாங்க நீங்கதான் போவணும்."

போனேன். டீயும் நானே வாங்கினேன். அன்றைக்கும் அவன் படம்தான் நன்றாக இருந்தது, எனக்கு அன்றைக்கும் வயிறு எரிந்தது.