பாட்டு முடியுமுன் பற்றிய திரி

இசபெல் சிவகாசிக்குப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. குரல் இருந்தது. ஆர்மோனியக்காரர் சுந்தர்ராஜ் தம் கோஷ்டியில் அவளைச் சேர்த்துக்கொண்ட பிறகு, விருதுநகர் வரைக்கும் அவள் பாட்டு இல்லாத கல்யாணம் கிடையாது.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்கு மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். சுந்தர்ராஜின் வாசிப்பை மத்தியானமே கேட்டுத் தலையாட்டிவிட்டார். “பாடுற பொண்ணையும் ஒரு பாட்டு கேட்டுட்டு ரயிலுக்குப் போயிடறேன்” என்றார். அந்த ஒரு பாட்டில்தான் இசபெல்லின் பிழைப்பே மாற வேண்டும்.

அந்த ஊர் வழக்கம் என்னவென்றால், கடைசிப் பாட்டு நின்று கைதட்டல் கேட்டால் வாணவேடிக்கைக்குத் திரி வைத்துவிடுவார்கள். மைதானத்துக் கோடியில் வாணக்காரர் பெத்தணன் நெருப்போடு நின்றார்.

கடைசிப் பாட்டின் பாதியில் இசபெல் குரலை உச்சிக்கு ஏற்றி, அங்கேயே சட்டென்று நிறுத்தினாள். தனியாக வீட்டில் பாடிப் பாடி அவளே கண்டுபிடித்த நிறுத்தம் அது. வீட்டில் சொல்ல ஆள் இல்லாத பழக்கம், வெளியிலும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. சனம் சொக்கிப்போய்க் கைதட்டியது. பெத்தணன் பற்றவைத்தார். யார் என்ன சொன்னாலும் அவர் மேல் குற்றமில்லை.

வானம் வெடித்தது. எல்லா முகமும் மேலே போயிற்று. மெட்ராஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இசபெல் மிச்சப் பாட்டையும் விடாமல் பாடி முடித்தாள்.

பெத்தணன் ஓடிவந்தார். “முடிஞ்சிருச்சுன்னுல்லா நெனச்சேன், தாயி!”

“பாதி கெடந்துச்சு, அண்ணாச்சி.”

“பத்துன திரிய எப்பிடி நிப்பாட்ட?”

“நீங்க எதுக்கு நிப்பாட்டணும்? அம்புட்டு சனமும் அதுக்குத்தான வந்திருக்கு.”

மெட்ராஸ்காரர், “வாணவேடிக்கை பிரமாதம்மா” என்று சொல்லிவிட்டு, சுந்தர்ராஜை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

“நான் போயி ஒன்னையக் கூப்பிடுதேன், பிள்ள” என்றார் சுந்தர்ராஜ்.

“மொதல்ல ரயிலப் பிடிங்கண்ணே.”

அவர் கூப்பிடவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்கு எதிர்த்த டீக்கடையில் இலங்கை வானொலி பாடும்போது, யாரோ ஒருத்தியின் குரலுக்குப் பின்னால் அவருடைய ஆர்மோனியம் வரும். எந்த இடத்தில் மூச்சு வாங்க விடுவார் என்று இசபெல்லுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவளுக்கும் மூச்சு ஏறி இறங்கும். வாய் திறக்காது.

“ஏக்கா, கூடச் சேந்து பாடேன்” என்றாள் பக்கத்திலிருந்து பெட்டி ஒட்டுகிற பொன்னுத்தங்கம்.

“பசை காஞ்சிரும். ஒட்டுடீ.”