உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு

உரக்கச் சொன்னால்தான் எனக்குப் பாடம் மண்டையில் ஏறும். ப்ளஸ் டூ அரையாண்டுப் பரீட்சைக்கு முந்திய மாதம், கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குக்கூட விலங்கு செல்லின் பாகங்கள் மனப்பாடம். ஆற்றல் தருவது இழைமணி, புரதம் செய்வது ரைபோசோம், கழிவைச் செரிப்பது லைசோசோம். காலையில் அம்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பேரையூரிலிருந்து அத்தை வந்தாள், தன் மகனுக்கு என்னைக் கேட்டு. தங்கை கேட்டு அப்பா எதையும் மறுத்ததில்லை. இதற்கும் தலையாட்டினால் தை மாதம் கல்யாணம், என் படிப்பு அதோடு சரி. எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வழக்கத்தைவிடச் சத்தமாகப் படித்தேன்.

"உள்ளே கரு இருக்கிறது. கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு. இரட்டை. இரட்டை."

மூச்சு வாங்க நிறுத்தியபோது கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது.

"மதினி, எம்புட்டு நாளா இப்பிடி?" அத்தையின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு மாசமாத்தேன்" என்றாள் அம்மா.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? தெருப்பூராம் அவுகதேன் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுறாக."

அத்தை காப்பியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. "ஏம்மா எடுத்துச் சொல்லல?" என்று கத்தினேன். அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நீ மேக்கொண்டு படி" என்றாள்.

பிறந்த வீட்டு மானம் தன் மானம் என்பதால் அத்தை வெளியே மூச்சு விடவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு கடிதம் போட்டாள். மகனுக்கு வேறிடம் பார்க்கிறார்களாம், பிள்ளையின் உடம்பை நன்றாகக் கவனிக்க வேண்டுமாம். அப்பா ஒன்றும் புரியாமல் எனக்குத் தினம் ஒரு முட்டை வாங்கித் தந்தார்.

அத்தை மகனுக்குப் பரிசம் போட்ட மறுநாள், அம்மா என்னையும் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு பேரையூர் போனாள். அத்தையின் மடியில் செல் படத்தை விரித்து, "இதுதேன் கரு, இதுதேன் ரெட்டை" என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அத்தை தானும் அந்த இரட்டைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மதினி."

"எம்புட்டு நாளான்னுதானே கேட்ட" என்றாள் அம்மா. "என்னா பாடம்னு கேக்கலையே."