இரண்டு பற்றரி, ஒரே எல்லை

நாங்கள் ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில் வசிக்கிறோம். என் கணவர் ஜெறோம் சிகரெட்டை விட்டு, இரண்டு பற்றரி போடும் மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தார். புகை கூடுதலாக வரவேண்டுமென்று அதன் சூடேறும் கம்பிச் சுருளைத் தானே சுற்றினார்.

“இந்தச் சுருள் முப்பது அம்பியர் இழுக்கும். பற்றரி ஒண்டு இருபது தாங்கும், ரெண்டுக்கும் நாற்பது. பயப்பிடாதையும்,” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

கடந்த மாரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றோம். ஜெறோம் மின்சிகரெட்டைப் பலமுறை இழுத்துவிட்டு, அதை நெஞ்சுப் பக்கச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் சின்ன மகளைத் தூக்கினார். சிறிது நேரத்தில் அவர் முகம் மாறியது.

“நெஞ்சு சுடுது! பிள்ளையைப் பிடி!”

நான் பிள்ளையைப் பறித்தேன். அவர் பையிலிருந்த மின்சிகரெட்டைப் பிடுங்கிப் பனிக்குள் எறிந்தார். அது சீறிக்கொண்டு எரிந்தது. அவருடைய நெஞ்சிலும் விரல்களிலும் தோல் வெந்துவிட்டது.

துரொண்ட்ஹெய்மில் மின்பொறியியல் படிக்கும் அவர் தங்கை, விவரம் கேட்டுத் தொலைபேசியில் அழுதாள்.

“அண்ணா, சமாந்தரமா, ரெண்டு தனிப் பாதையாப் போட்டால்தான் ரெண்டும் மின்னோட்டத்தைப் பங்குபோடும். உங்கடையிலை தொடரா, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாயெல்லோ இருக்கு. வோல்ற்றளவுதான் கூடும். அதே முப்பதும் ஒவ்வொரு பற்றரிக்குள்ளாலையும் போயிருக்கு. தாங்கிறது இருபதுதான்.”

ஜெறோம் மின்சிகரெட்டையும் விட்டுவிட்டார். நான் இப்போது எந்தக் கருவிக்குப் பற்றரி வாங்கினாலும், உள்ளே அவை எப்படி இணைகின்றன என்று கேட்டறியாமல் வாங்குவதில்லை.

மகள் அவர் நெஞ்சிலுள்ள தழும்பைத் தடவி, “நோகுதா அப்பா?” என்று கேட்பாள். அன்று அவள் கன்னம் சாய்ந்திருந்த இடம் அதுதான் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை.