படியில் பெட்டியோடு நிற்பவர்

இங்கே இறந்தவர்களின் படங்களைப் பழைய கரண்டிகளோடு சேர்த்து விற்றுவிடுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில், மகளுக்கு ஒரு கோட் தேடி சேர்ச் மண்டபத்தில் பழைய சாமான் விற்கும் ஜம்பிள் சேலுக்குப் போனபோதுதான் அதைக் கண்டேன். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் படங்கள். சைக்கிளில் சாய்ந்து நிற்கும் வாலிபன், கடற்கரையில் தொப்பியோடு அமர்ந்திருக்கும் பெண்கள். எதன் பின்னாலும் பெயரில்லை. என் ஊர் நிந்தவூரில் எங்கள் வீட்டிலிருந்தவை அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள்தாம். அவற்றையும் வாப்பா அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். கடைக் கலண்டரில் ஆள் படம் இருந்தால் தொழுகை நேரத்தில் உம்மா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். யாரோ பெற்ற பிள்ளைகளின் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் கொண்டுவந்தேன். மகள் உறங்கும் பின்னேரங்களில் அவற்றைப் பரப்பி வைத்து, இவர் யார், இவர் என்ன உறவு என்று யோசித்தே களைத்துப்போவேன்.

அவற்றில் சிலவற்றை முன் அறைத் தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்றில், வாசலில் ஏப்ரன் கட்டிய இளம்பெண். கீழ்ப்படியில் தோற்பெட்டியோடு ஒருவர். பக்கத்து வீட்டு டோரத்தி தேநீர் குடிக்க வந்தபோது, பெட்டியோடு நிற்பவர் புது மாப்பிள்ளை, இப்போதுதான் வந்திறங்கியிருக்கிறார், வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்றேன்.

"அப்படியானால் இவர்களை உனக்குத் தெரியுமா?" என்றார் டோரத்தி.

தெரியாது என்றதும் திகைத்துப்போனார். அவருடைய கண்ணுக்கு அந்த மனிதர் வேலைக்கோ போருக்கோ புறப்படுகிறார், வீடும் அவருடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார் என்று விளக்கினேன். இருவருக்குள்ளும் சண்டை வந்தால் என்று கேட்டார். பெட்டி அவருடையதுதானே, தூக்கிக்கொண்டு போவார் என்றேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"அப்போ உன் வீடு எங்கே?"

சமையலறை மேசையின் லாச்சிக்குள் உம்மாவின் கடிதம் பதிலில்லாமல் இரண்டு மாதமாகக் கிடந்தது. ஊர் வீட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தார். சூறாவளியில் கூரை போன பின், வாப்பா வயலில் ஒரு துண்டை விற்றுத் திரும்பக் கட்டி எனக்கு எழுதித் தந்த வீடு அது. இப்போது தங்கச்சிக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். இன்னொரு வீடு கட்ட வாப்பாவுக்குத் தெம்பில்லை. "நீ வருவியா இல்லியா எண்டு சொல்லு மகள். இந்த ஊட்டைத் தங்கச்சிக்கு எழுதினா உனக்கு மனம் நோகுமா?" என்று உம்மா எழுதியிருந்தார். கணவரிடம் கேட்டால், "அது உங்கட ஊடு, நான் பெட்டியோட வந்தவன்" என்று ஒதுங்கிக்கொண்டார். சண்டை நடக்கிற ஊர் நிலைமையை நினைத்தால் பிள்ளையோடு திரும்பப் பயம். கொடுத்துவிட்டால், திரும்புகிற நாளில் தங்கச்சியின் வாசலில் நானல்லவா பெட்டியோடு நிற்பேன்?

டோரத்தி போன பிறகு உம்மாவுக்குப் பதில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிவிடுங்கள். எனக்கு ஒரு படம் மட்டும், நீங்கள் வாசலில் நிற்கிற மாதிரி அனுப்புங்கள் என்று.

மாரி முடிந்துதான் பதில் வந்தது. கல்முனையிலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து எடுத்ததாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். படத்தில் வீடு இருந்தது, மல்லிகைப் பந்தல் இருந்தது. உம்மா இல்லை. உற்றுப் பார்த்தபோது, பாதி சாத்திய கதவின் விளிம்பைப் பிடித்தபடி நான்கு விரல்கள். அந்நிய ஆணின் கமராவுக்கு முன்னால் உம்மா வரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டேன்.

மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் தெரியாத ஆக்களா உம்மா?" என்றாள்.

பேனையை எடுத்துப் பின்னால் எழுதினேன்: கதவுக்குப் பின்னால் நிற்பது என் உம்மா. வீடு என் தங்கச்சியுடையது. அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அதையும் தட்டில் வைத்து, வழக்கம்போல எல்லாப் படங்களையும் சுவர்ப்பக்கம் திருப்பினேன். வெறும் பின்பக்கங்களுக்கு நடுவே, அந்த இரண்டு வரிகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.